பட்டியலில் மூன்றாவது கதை

1

பாளையங்கோட்டையை விட்டு நான் ஜெர்மனிக்கு வந்து இந்த அக்டோபரோடு இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. அந்த நாளை நாங்கள் கொண்டாடும் விதம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. கேக் கிடையாது, ஜெபக்கூட்டம் கிடையாது. நானும், ஊரில் இருக்கிற என் அண்ணன் ஞானராஜும் ஆளுக்கு ஐந்து கதைகளைப் பட்டியல் போட்டு அனுப்பிக்கொள்வோம். நாங்கள் எழுதிய கதைகள் அல்ல. சின்ன வயதில் டிவியில் பார்த்த ஒரு விண்வெளித் தொடரில் எங்களுக்குப் பிடித்த ஐந்து பாகங்கள், வரிசைப்படி. வருஷா வருஷம் வரிசை மாறும். ஏன் மாறியது என்று அடுத்த ஒரு மாதம் போனில் சண்டை போடுவோம். முதல் சில வருஷம் பட்டியல் தபாலில் வந்தது, அப்புறம் மின்னஞ்சலில், இப்போது போனில் படமாக வருகிறது.

அந்தத் தொடரின் இங்கிலீஷ் பெயர் அன்றைக்கு எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் வைத்த பெயர் தபால் கப்பல். பூமியை விட்டுப் போய் வேறு வேறு கிரகங்களில் குடியேறியவர்களுக்குக் கடிதமும் பார்சலும் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு ஓட்டை விண்கலம். அதற்கு ஒரு கேப்டனம்மா. எல்லார் முகவரியையும் மனப்பாடமாக வைத்திருக்கிற ஒரு மெஷின். பீரோ அளவு இருக்கும், ஆண் குரலில் பேசும். நாற்பது வருஷமாக விட்டு விட்டு இன்னும் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேப்டன்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், அந்தப் பீரோ மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த வருஷம் அண்ணனின் பட்டியல் ஒரு நாள் முன்னதாகவே வந்தது. அவன் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கோடு போட்ட தாளில், ரிஜிஸ்டரில் எழுதுவது போல முத்து முத்தாக எழுதியிருந்தான். ஒன்று, முகவரி மறந்த மெஷின். இரண்டு, கேப்டனம்மாவுக்கு வந்த கடிதம். மூன்று, பந்தியில் உட்கார்ந்தவன். நான்கு, ஆளில்லாத கிரகத்து வாசல்மணி. ஐந்து, திரும்பி வந்த பார்சல்.

நான்கு கதைகள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவதுதான் இடித்தது. பந்தியில் உட்கார்ந்தவனா? விண்கலத்தில் ஏது பந்தி? அந்தக் கப்பலில் எல்லாரும் குழாயில் வருகிற கஞ்சியைத்தானே உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள்?

என் மகள் லீனாவுக்குப் பதினாறு வயது. அவள் தயவில் அந்தத் தொடர் முழுவதும் எங்கள் வீட்டு டிவியில் காசு கட்டிப் பார்க்கக் கிடைக்கிறது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து, முதல் சீசனிலிருந்து ஒவ்வொரு பாகத்தின் சுருக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். பந்தி இல்லை. விருந்து இல்லை. சாப்பாடு என்கிற பேச்சே இரண்டு இடத்தில்தான் வருகிறது. அப்படி ஒரு கதையே கிடையாது.

இல்லாத ஒரு கதையை என் அண்ணன் தனக்குப் பிடித்த கதை என்று எழுதியிருக்கிறான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி பார்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது எங்களைப் போல கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். தபால் கப்பல் சரியாக ஆராதனை நேரத்தில் வரும். என் அப்பா செல்லத்துரை வாத்தியார், சபைக் கமிட்டியில் இருந்தார். வேத பாடம் வாசிப்பதும் அவர்தான். சனிக்கிழமை ராத்திரியே டிவி மேல் அம்மா பூப்போட்ட துணியைப் போட்டு மூடிவிடுவாள். ஞாயிறு காலையில் வீட்டைப் பூட்டிச் சாவியை அப்பா ஜிப்பாப் பையில் போட்டுக்கொள்வார். தப்பிக்க ஒரே வழி காய்ச்சல்.

காய்ச்சலுக்கு வெங்காயம். உரித்த வெங்காயத்தை அக்குளில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்தால் உடம்பு சுடும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். சுட்டதோ இல்லையோ, நாற்றம் நிச்சயம். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே நாளில் படுத்தால் ஊசி போட இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் முறை வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் அவனுக்குக் காய்ச்சல், அடுத்ததற்கு அடுத்த வாரம் எனக்கு. பார்த்தவர் பார்க்காதவருக்கு முழுக்கதையையும் சொல்ல வேண்டும், நடுவில் வந்த சோப்பு விளம்பரம் உட்பட.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கிணற்றடியில் உட்கார்ந்து சொல்வோம். நான் சொன்னால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அண்ணன் சொன்னால் மணிக்கணக்கில் போகும். கதவு திறக்கிற சத்தம், பீரோ பேசுகிற குரல், வெளியே நட்சத்திரம் ஓடுகிற சத்தம் கூட அவன் வாயிலிருந்து வரும். "நட்சத்திரம் சத்தம் போடுமா அண்ணே?" என்றால், "நீ பாத்தியா நான் பாத்தேனா?" என்று மண்டையில் ஒரு குட்டு வைப்பான். இங்கிலீஷ் எங்கள் இரண்டு பேருக்குமே அரைகுறைதான். பிற்காலத்தில் முழுவதையும் பார்த்தபோது, அவன் சொன்னதில் பாதி அவனே கட்டியது என்று தெரிந்தது. அவன் கட்டிய பாதிதான் நன்றாக இருந்தது.

எங்கள் சபைகளில் வருஷத்துக்கு ஒரு நாள் அசனம் உண்டு. கோயில் வளாகத்தில் பெரிய பெரிய பாத்திரங்களில் சோறும் கறியும் ஆக்கி, பந்தி பந்தியாக உட்கார வைத்துப் போடுவார்கள். எந்தத் தெரு, எந்த ஊர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். உட்கார்ந்தால் இலை வரும், இலை வந்தால் சோறு வரும். அந்தக் கறிக்கு வருஷம் முழுக்கக் காத்திருப்போம். ஒரு வருஷம் அசனம் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. அண்ணன் அதையே விட்டுவிட்டு வெங்காயத்தோடு படுத்தான் என்றால் தபால் கப்பல் மேல் அவனுக்கு எத்தனை வெறி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவன் பங்கைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு நான் தனியாக வீட்டுக்கு ஓடி வந்தேன். சட்டியின் சூடு தொடையில் பட்டுப் பட்டுச் சுட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அவன் என்ன கதை சொன்னான் என்று கேட்டால் தெரியாது.

3

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அறுபது தாண்டியதும் அப்பாவுக்கு மறதி வந்தது. வந்தது என்று இப்போது எளிதாக எழுதுகிறேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரியவே இல்லை, அவர் அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தார். எல்லாவற்றையும் சிரித்துச் சமாளிப்பார். நான் இங்கிருந்து லீவில் போயிருந்தபோது கோயில் வாசலில் என்னைக் காட்டி, பக்கத்தில் நின்றவரிடம், "இது யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டார். நான் திகைத்து நின்றதைப் பார்த்ததும் கடகடவென்று சிரித்து, "சும்மா ஒன்னச் சோதிச்சுப் பாத்தேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். எத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் என்னையே இரண்டு அறை வைக்கலாம் போலிருக்கிறது.

அதன்பிறகு அந்த வாக்கியம் அடிக்கடி வந்தது. மாத்திரை போட்டீர்களா என்றால், "போட்டாச்சு, நீ கேக்கியான்னு சோதிச்சேன்." தெருவைத் தாண்டிப் போய் வேறு வீட்டுக் கதவைத் தட்டினால், "அவிய முழிச்சிருக்காவளான்னு சோதிச்சேன்." கடைசி வருஷம் சோதிக்கவும் சிரிக்கவும் அவருக்கு வரவில்லை. செல்லத்துரை என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலச் சும்மா இருப்பார். அப்பாவை ஆறு வருஷம் பார்த்தது முழுக்க அண்ணனும் மதினியும்தான். நான் பணம் அனுப்பினேன், போனில் அழுதேன், அவ்வளவுதான்.

அண்ணன் பட்டியலில் எப்போதும் முதலில் வருவது முகவரி மறந்த மெஷின். பீரோவுக்கு ஒவ்வொரு முகவரியாக மறந்துகொண்டே வரும். கப்பலில் ஒருவருக்கும் தெரியாமல் அது வேடிக்கை பேசி ஒப்பேற்றும். கடைசியில் கேப்டனம்மா அதன் முன்னால் உட்கார்ந்து, நம் கப்பல் எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று கேட்பாள். அது ஒரு ஜோக் சொல்லும். சின்ன வயதில் அந்த ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா போனபின் இரண்டு பேருமே அதை மறுபடி பார்க்கவில்லை, ஆனால் அண்ணன் பட்டியலில் அது முதலிடத்திலிருந்து இறங்கவே இல்லை.

இப்போது புரிகிறதா, மூன்றாவது கதையைப் பார்த்து நான் ஏன் பதறினேன் என்று? இதெல்லாம் குடும்பத்தில் வரும் என்கிறார்கள். அண்ணனுக்கு ஐம்பத்து நான்கு வயது.

4

உடனே டிக்கெட் போட்டுப் போய்விடலாம் என்றால் கையில் பாஸ்போர்ட் இல்லை. புதுப்பிக்க அனுப்பி ஏழு வாரம் ஆகியிருந்தது. என் பெயர் எஸ்தர். செல்லத்துரை அப்பா பெயர். நம் ஊரில் ஓர் இனிஷியலாக ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பாவை இங்கே வந்த முதல் நாளே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "திருமதி செல்லத்துரை" என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து நான்கு வருஷம் கழித்தும் அப்படிக் கூப்பிட்டால் ஒரு நொடி அப்பாவைத் தேடுவேன். பழைய பாஸ்போர்ட்டில் ஒரு விதம், குடியிருப்பு அட்டையில் ஒரு விதம் என்று பெயர் முன்னும் பின்னுமாகக் கிடந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.

அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, நான் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரில் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இதை நீங்கள் இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டீர்களே என்றாள். திரையைத் திருப்பியும் காட்டினாள். என் கையெழுத்து இருந்தது. இவர்கள் ஒரே காகிதத்தை இரண்டு தடவை கேட்டு ஆளை அலைக்கழிப்பார்கள் என்று மனசுக்குள் திட்டினேன். சரி, அவசரம் என்றாவது சொல்லுவோம் என்று வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை ஜெர்மன் வரவில்லை. "எங்க அண்ணனுக்கு முடியல, கொஞ்சம் சீக்கிரம் குடுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மரியாதையாக, எனக்குப் புரியவில்லை என்று சொன்னாள். முகம் சிவந்து வெளியே வந்து, தினமும் ஏறுகிற டிராமை விட்டுவிட்டு எதிர்த்திசை டிராமில் ஏறிவிட்டேன். எல்லாம் அண்ணனைப் பற்றிய கவலையால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கவலையில் அடுப்பில் வைத்த முட்டை தண்ணீர் வற்றிக் கரிந்தது. லீனாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச்சொன்ன நாளும் போய்விட்டது.

வேலைக்கு நடுவே கிடைக்கிற இடைவேளையில், அண்ணன் ஆபீசில் இருக்கிற நேரமாகப் பார்த்து மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, அண்ணன் எதையாவது மறக்கானா?"

"என்னத்தச் சொல்ல. முந்தாநாளு மார்க்கெட்டுக்கு வண்டியில போனாவ, பஸ்ல வந்து எறங்குதாவ. வண்டி எங்கன்னு கேட்டா, அட ஆமான்னு சிரிக்காவ."

"சிரிச்சானா?"

"பின்ன அழவா செய்வாவ?"

"அப்பாவும் இப்படித்தான சிரிப்பாவ மதினி."

"ஏன் எஸ்தர் வயித்துல புளியக் கரைக்க?" என்றாள் மதினி.

விட்டேனா நான். அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு நோட்டுப் போடுங்கள், என்ன மறந்தான், எப்போது மறந்தான் என்று எழுதுங்கள் என்றேன். காலையில் எழுந்ததும் கிழமை கேளுங்கள் என்றேன். "எந்திரிச்ச ஒடனே இன்னைக்கு என்ன கெழமன்னு கேட்டா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கான்னுதான் கேப்பாவ" என்றாள். பிறகு பைய, "சரி, பாக்கேன்" என்றாள். அடுத்த நாளும் கூப்பிட்டேன். அதற்கு அடுத்த நாளும். மதினி போனை எடுக்கிற குரலிலேயே எரிச்சல் தெரிந்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், போகாவிட்டால் நான் விட மாட்டேன் என்று கத்திவிட்டு வைத்தேன்.

அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். லீனா சமையல் மேடையில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான் அவளுக்குத் தெரியும், பேசினால் செய்தி வாசிப்பது போலிருக்கும். அதையும் ஆண்டுக்கு நான்கு முறைதான் திறப்பாள், மற்றதெல்லாம் ஜெர்மன். மாமாவுக்கு இல்லாத கதை ஒன்று நினைவில் இருக்கிறது தெரியுமா, வண்டியை மார்க்கெட்டில் விட்டுவிட்டார் தெரியுமா என்று அவளிடம் புலம்பினேன். அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இதை நீங்கள் நேற்றும் கூறினீர்கள்."

"கூறினா என்ன இப்ப? கவலை இருக்கிறவ நாலு தடவை சொல்லத்தான் செய்வா."

"நேற்று இரண்டு முறை கூறினீர்கள்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பதினொன்றரை, அங்கே சாயங்காலம். அண்ணன் கூப்பிட்டான். நான் ஒரு தாளில் கேள்வி எழுதித் தயாராக வைத்திருந்தேன். வரிசையைப் பற்றிச் சண்டை போடுவது போலப் பேச்சுக் கொடுத்து அவனைச் சோதிப்பது என் திட்டம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். லீனா ஜன்னல் பக்கம் காதில் எதையும் மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள், அதுவே அதிசயம்.

கேப்டனம்மாவுக்கு வந்த கடிதத்தை யார் ஒளித்து வைத்தது? "சமையக்காரன். மாவு டப்பாக்குள்ள." திரும்பி வந்த பார்சலில் என்ன இருந்தது? "ஸ்வெட்டர், கையால பின்னுனது. ஒரு கை மட்டும் நீளம்." வாசல்மணிக் கதை வந்த அன்று நடுவில் என்ன விளம்பரம்? "சைக்கிள் வெளம்பரம். நீதான் பாத்துட்டு வந்து சொன்ன. அன்னைக்கு ஒனக்குத்தான் காய்ச்சல்." ஒன்றைக்கூட அவன் தவறவிடவில்லை. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்குவது போலிருந்தது. ஆனாலும் மூன்றாவது கதை மிச்சம் இருக்கிறதே.

"அண்ணே, அந்தப் பந்தியில் உட்கார்ந்தவன் எந்த சீசன்?"

போனில் அவன் டீ உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"அண்ணே?"

"ஏட்டி, வெளாடுதியா?"

"வெளாடல. அப்படி ஒரு கதையே கெடையாதுண்ணே. ஒண்ணு விடாம தேடிட்டேன்."

"கெடையாதுதான். அது நம்ம கதைல்லா."

அவனே சொன்னான். "அசனத்தன்னைக்குக் காய்ச்சல்னு படுத்தேன்லா. நீங்க எல்லாரும் கோயிலுக்குப் போன அஞ்சாவது நிமிசம் கரண்டு போயிட்டு. அசனமும் போச்சு, கப்பலும் போச்சு. அழுகையா வந்துது. நீ சட்டியத் தூக்கிக்கிட்டு வந்து, கதையச் சொல்லு கதையச் சொல்லுன்னு குதிக்க. கரண்டு இல்லன்னு சொன்னா கேலி பண்ணுவியேன்னு, நீ கொண்டாந்த கறியத் தின்னுக்கிட்டே ஒரு கதையக் கட்டுனேன். அசனத்தையே கப்பல்ல ஏத்திட்டேன். என் கல்யாணத்தன்னைக்குத்தான ஒங்கிட்ட உள்ளதச் சொன்னேன்? நீ சிரிச்ச சிரிப்புல பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அன்னையிலேருந்து வருசா வருசம் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் அதப் பட்டியல்ல போடுதோம். போன வருசம் நீ போட்ட. மொத எடத்துல."

எனக்குக் கல்யாணம் நினைவிருந்தது. மதினியின் புடவை நிறம் நினைவிருந்தது. அண்ணன் என் காதில் குனிந்து எதையோ சொன்னது, நான் சிரித்தது, எதுவும் இல்லை. இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடுகிற மாதிரி தேடிப் பார்த்தேன்.

வாய் மட்டும் தானாகத் திறந்தது. "அட ஆமா, தெரியும்ண்ணே" என்று கடகடவென்று சிரித்தேன். "சும்மா ஒன்னச் சோதிச்சுப் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அது யார் வாக்கியம் என்று எனக்கே கேட்டது.

போனில் அண்ணனுக்குப் பின்னால் மதினி ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது.

"அப்பா மாதிரிப் பேசாத எஸ்தர்" என்றான். ஏட்டி என்று கூப்பிடாமல் அவன் என் பெயரைச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"இல்லண்ணே..."

"நான் சொல்லுததக் கேளு. ஒன் தொல்லை தாங்காம இவ என்ன இழுத்துக்கிட்டுப் போயிட்டா. வியாழக்கிழமையே டாக்டரப் பாத்தாச்சு. நூறுலேருந்து ஏழு ஏழாக் கொறைங்கன்னாரு. இருபத்தெட்டு வருசமா கணக்கு எழுதுதவன்ட்டயா கேக்கியன்னு சொல்லிட்டுக் கட்டக்கடைசி வரைக்கும் கொறச்சுக் காட்டுனேன். வண்டிய விட்டுட்டு வந்தது, கூட வேல பாக்குதவரோட பேசிக்கிட்டே பஸ் ஏறிட்டேன், அம்புட்டுத்தான். எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க." அவன் மூச்சு விடுவது கேட்டது. "நீ எப்பம்ட்டி போற?"

போனை எடுத்துப் போன வருஷத்துக்குப் போய்த் தேடினேன். இத்தனை நாள் இந்த வருஷம் அவன் அனுப்பிய பட்டியலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அனுப்பியதை நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்கிற மிதப்பு. அங்கே இருந்தது. ஒன்று, பந்தியில் உட்கார்ந்தவன். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, இதை மிஞ்ச இனி ஒருத்தன் பிறந்துதான் வரணும் என்று நானே எழுதியிருந்தேன்.

"அண்ணே, எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன். "நெசமாவே இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும். அழாத. பைய மூச்ச விடு." கொஞ்சம் பொறுத்து, "முழுசாச் சொல்லட்டா?" என்றான்.

"சொல்லு."

தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் நட்சத்திரம் ஓடுகிற சத்தத்தைப் போட்டான். ஐம்பத்து நான்கு வயது ஆள். லீனா ஜன்னலை விட்டு எழுந்து வந்து மேஜையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

6

பாஸ்போர்ட் அடுத்த புதன்கிழமை தபாலில் வந்தது. பெயர் சரியாக இருக்கிறதா என்று லீனாவைத்தான் பார்க்கச் சொன்னேன். ஊருக்கு எப்போது வருகிறாய் என்று அண்ணன் கேட்கிறான். டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வெறும் சோர்வாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், இந்த வயதில் பெண்களுக்கு இதெல்லாம் உண்டு என்று மதினி தினமும் கூப்பிட்டுச் சொல்கிறாள். இப்போது அவள் என்னைக் கிழமை கேட்கிறாள். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

லீனா பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கதையை நான் சொல்ல வேண்டும் என்றாள். என்னைச் சோதிக்கிறாளோ என்று ஒரு கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

சொன்னேன். தபால் கப்பலில் நாற்பது பேர். வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். நாற்பது இலை போட்டால் ஓர் ஆளுக்கு இலை குறைகிறது. பீரோ ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறது, எல்லாரும் இருக்கிறேன் என்கிறார்கள். பதில் வராத பெயர் ஒன்றும் இல்லை, ஆனால் எண்ணினால் நாற்பத்தொன்று. யார் அந்த வேற்றுக்கிரகத்து ஆள்? துப்பாக்கியோடு காவல்காரர்கள் வருகிறார்கள். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுப் பார்க்கிறார்கள். கறி ஆறிக்கொண்டிருக்கிறது. கேப்டனம்மா எழுந்து, "எண்ணுனது போதும், இன்னொரு இலையப் போட்டுச் சோத்தப் போடுங்க" என்கிறாள். எல்லாரும் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஓர் ஆள் பந்தியை விட்டு எழுந்து கை கழுவிவிட்டு, கேப்டனம்மாவுக்கு முன்னால் வந்து நிற்கிறான். நின்று...

நின்று என்ன சொன்னான்? பத்து நாள் முன்னால்தான் அண்ணன் சொன்னான். கேட்டு நான் அழுதது நினைவிருந்தது. எதற்கு அழுதேன் என்று வரவில்லை. சிரித்துச் சமாளிக்க வாய் தயாராக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியலடி" என்றேன்.

லீனா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாக, தமிழில், செய்தி வாசிக்கிற மாதிரியே சொன்னாள். "'வீட்டில் என் தங்கை இருக்கிறாள். அவளால் வர இயலவில்லை. அவளுக்கும் ஒரு சட்டி வேண்டும்' என்று கூறினான்."

உள்ளே இருந்து கதவு திறந்தது. திருமதி செல்லத்துரை என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன்.